வாசனைத் தண்ணீர்

அம்மா திரும்பி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் அவளுக்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

சொந்த வீட்டில் தாகமெடுத்தால் நாமே போய்க் குடித்துக்கொள்கிறோம். யாராவது கொண்டுவந்து நீட்டினால் விருந்தாளி என்று அர்த்தம். அம்மாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. பல வருஷம் இன்னொருவர் வீட்டில் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் நீட்டியவள் அவள்.

சின்னவனுக்கு முன்பல் விழுந்து ஓட்டைவாயாக இருந்த சமயத்தில் அவள் கடல் தாண்டி வேலைக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய வீடு, இரண்டு குழந்தைகள். அவர்களைக் குளிப்பாட்டினாள், அவர்கள் துணியைத் துவைத்தாள், தூங்கவைத்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இங்கே அவள் இல்லாமலே வளர்ந்தார்கள். நடுவில் வந்த விடுமுறைகளெல்லாம் பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டுவதற்குள் முடிந்துபோயின. இப்போது ஒரேயடியாக வந்துவிட்டாள்.

பெரியவள் வீட்டின் முன்னறையைப் பெண்களுக்கான சலூனாக மாற்றி நடத்திவருகிறாள். அப்பா ஊர்விட்டு ஊர் போகும் பஸ் ஓட்டுகிறார். சின்னவனுக்குப் பக்கத்து ஊரில், நாற்காலி மேஜை செய்யும் கம்பெனியில் வேலை. அங்கேயே அறை எடுத்திருக்கிறான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்பான். அம்மா வந்தபிறகு ஒரு ஞாயிறும் வரவில்லை. கேட்டால் வேலை ஜாஸ்தியாம்.

எல்லாவற்றையும்விட அம்மாவை உறுத்தியது ஒரு சின்ன வார்த்தை. பெரியவள் அப்பாவை 'நீ' என்றுதான் சொல்வாள். "அப்பா, நீ சாப்பிட்டியா?" அதே வாய் அம்மா பக்கம் திரும்பினால், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். ஊரைவிட்டுப் போகும்போது அம்மாவும் 'நீ'யாகத்தான் இருந்தாள். எந்த வருஷம் 'நீங்க' ஆனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை. சலூனில் கூட்டம்.

நடுக்கதவின் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. மகளின் கை வேலை செய்கிற சத்தம் அது.

நாற்காலியில் ஒரு டீச்சர். தலை அலசி முடித்து, பெரியவள் துண்டைச் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் டீச்சரின் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி, காலரை நனைத்தது.

"ஏம்மா, உன் துண்டு என்னமோ பூனைக்குட்டி மாதிரி மெத்துமெத்துன்னுதான் இருக்கு," என்றாள் டீச்சர். "ஆனா தண்ணிய உறிஞ்ச மாட்டேங்குதே. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளி விடுது, அவ்வளவுதான்."

"புதுத் துண்டு டீச்சர், போகப் போகச் சரியாயிடும்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே."

பெரியவள் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தாள். அதுவும் அதே கதைதான். மூன்றாவதை எடுத்து, ஒற்றி ஒற்றி ஒருவழியாக முடித்தாள். டீச்சர் போனதும் ஈரத் துண்டுகளைக் கூடையில் வீசினாள்.

அம்மா திரையை விலக்கினாள்.

"துண்டுக்கு சாஃப்ட்னர் ஊத்துறியாம்மா?"

"ஆமா. ஏன்?"

"துண்டுக்கு வேணாம். அது நூல் மேல மெழுகு மாதிரி படிஞ்சிடும். அப்புறம் தண்ணி உள்ள இறங்காது."

"முடிக்குக் கண்டிஷனர் போடுறோம்ல, துணிக்கு இது. அவ்வளவுதான்."

"முடி தண்ணிய உறிஞ்ச வேண்டியதில்லையே. துண்டுக்கு அதுதானே வேலை."

பெரியவள் துடைப்பத்தை எடுத்தாள். கீழே கிடந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தாள். "அந்த வாசனைக்காகவே இங்க வர்றவங்க இருக்காங்க. பரவால்ல, நான் பாத்துக்கறேன். நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட் எடுங்க. இந்த ஒரு மாதத்தில் அம்மா அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். காய் நறுக்க உட்கார்ந்தால் ரெஸ்ட் எடுங்க. துடைப்பத்தைத் தொட்டால் ரெஸ்ட் எடுங்க. இத்தனை வருஷ உழைப்புக்கு மரியாதை செய்கிறார்களாம். அவளுக்கு என்னவோ கதவைச் சாத்துவது போலவே கேட்டது.

மதியம், தலைச்சாயம் தீர்ந்துவிட்டதென்று பெரியவள் கடைக்குக் கிளம்பினாள். வீட்டில் அம்மா மட்டும்.

பின்கட்டில் வாஷிங் மெஷின். பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பெரிய சாஃப்ட்னர் கேன். அம்மா முதலில் மெஷினின் சோப்புத் தட்டை இழுத்துப் பார்த்தாள். சாஃப்ட்னர் ஊற்றும் குழியில் வழவழவென்று சளி மாதிரி கட்டியிருந்தது. ஒரு பழைய பல்துலக்கும் பிரஷை வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தாள். கைக்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் மூச்சுவாங்குவதுகூடத் தெரியவில்லை.

பெரிய பாத்திரத்தில் வெந்நீர் போட்டாள். வினிகர் ஊற்றி, துண்டுகளை அதில் ஊறவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பால் கலந்தது போலத் தண்ணீர் மங்கியது. படிந்திருந்ததெல்லாம் கழன்று வந்தது. அலசி எடுத்து மெஷினில் போட்டு, சோப்புத்தூள் மட்டும் சேர்த்து ஓடவிட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நீலக் கேனை ஓரமாக நகர்த்தப் போனவள், எந்த யோசனையில் அதன் மூடியைத் திறந்தாளோ தெரியவில்லை. திறந்ததும் கடல் தாண்டி வேலை பார்த்த அந்த வீடு கண்முன் வந்துவிட்டது. அதன் நீளமான துணி அறை, வெயில் படாத கொடிகள், யாரோ பெற்ற பிள்ளைகளின் சின்னச் சின்ன காலுறைகள். அதே வாசனை. அதே கம்பெனிதான் போலிருக்கிறது. காலுறைகளை ஜோடி சேர்த்து மடித்துக்கொண்டே, என் பிள்ளைக்கு இன்றைக்கு யார் துவைத்துப் போட்டார்கள் என்று நினைத்த சாயங்காலங்கள் எத்தனை.

அம்மா கேனைத் தூக்கி அப்படியே சாக்கடைக் குழியில் கவிழ்த்தாள். குபுகுபுவென்று முழுவதும் போயிற்று. வீடு முழுக்க வாசனை எழுந்தது.

பெரியவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் சுளித்தாள். உள்ளே வந்தாள். காலிக் கேனைப் பார்த்தாள்.

"என்னாச்சு இது?"

"ஊத்திட்டேன்."

"எதுல?"

"குழியில."

பெரியவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "உன்னை யாரு ஊத்தச் சொன்னா?"

அம்மா நிமிர்ந்தாள்.

"துண்டு உறிஞ்சலன்னா நான் பாத்துக்கறேன். என் கடை, என் துண்டு. நீ எப்படி என்னைக் கேக்காம ஊத்துவே?"

"துணிக்கு அது ஒண்ணும் அவ்வளவு நல்லது இல்லம்மா. கம்பளிக்கு, உடம்போட ஒட்டிக்கிற பாலியெஸ்டருக்கு வேணா போடலாம். துண்டுக்கு..."

"துண்டு துண்டுன்னு அதையே சொல்லாத. அதைத் துண்டுக்காகவா வாங்கினேன்?" பெரியவளின் குரல் உடைந்தது. "அங்கேருந்து உன் பார்சல் வரும். அந்த வீட்டுப் பொண்ணுக்குச் சின்னதாப் போன கவுனெல்லாம் துவைச்சு மடிச்சு அனுப்புவே. பிரிச்சதும் நான் கவுனை அளவு பாக்க மாட்டேன், உள்ள மூஞ்சிய வெச்சுக்குவேன். அம்மா வாசனைன்னு சொல்லித்தான் சின்னவனுக்கும் காட்டுவேன். அவன் நம்ப மாட்டான், ஆனா எனக்கு அந்த வாசனை போதும். உன் மூஞ்சிகூட எனக்கு மறந்துடும் சில நேரம். இது மறக்காது."

"அது என் வாசனை இல்லம்மா. அந்த வீட்டோடது."

"எனக்கு வந்தது அதுதானே. வேற எதை நான் மோந்து பாக்குறது?"

வாசலில் மணி அடித்தது. அடுத்த வாடிக்கையாளர். பெரியவள் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். "வாங்கக்கா, உக்காருங்க," என்று அவள் சொல்வது கேட்டது. குரலில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

அம்மா பின்கட்டிலேயே நின்றாள். செய்தது தப்பு என்று தெரிந்தது. நெஞ்சு வலித்தது. ஆனால் அந்த வலிக்குள்ளேயே ஒன்று திரும்பத் திரும்ப ஒலித்தது. உன்னை. நீ. உன் மூஞ்சி. மகள் அவளோடு சண்டை போட்டிருக்கிறாள். விருந்தாளியோடு யாரும் சண்டை போடுவதில்லை.

துண்டுகளைக் கொடியில் உலர்த்திவிட்டு வெயில் பார்த்து உட்கார்ந்தாள். காய்ந்ததும் அவை கொஞ்சம் முரடாகத்தான் இருந்தன. மடித்து, ஒன்றும் பேசாமல் சலூன் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். பெரியவள் ஒரு நீளமுடிக்காரியின் தலையில் துண்டைச் சுற்றினாள், எடுத்தாள், முடியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரே துண்டில் தண்ணீர் அடங்கிவிட்டது. அவள் திரைப் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். தோளில் ஒரு பெரிய பை. பஸ்ஸிலிருந்து இறங்குவது போலவே வீட்டுக்குள்ளும் தடதடவென்று நுழைவார்.

"என்ன வீடு பூக்கடை மாதிரி மணக்குது?"

பெரியவள் சீப்பைத் துடைத்தாள், அம்மா விளக்கைப் போட்டாள். அவர் இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். நெரிசலில் ஓட்டிப் பழகியவர். ஹார்ன் அடிக்காமல் ஒதுங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஸ்டாண்டுல உன் தம்பி நின்னான்," என்றார் மகளிடம். "பைய குடுத்துட்டு, நான் என்ன ஏதுன்னு கேக்குறதுக்குள்ள போயிட்டான். எல்லாம் அழுக்குத் துணி. அங்க தெருமுனையிலயே லாண்டரி இருக்கு. தொரைக்கு இங்கதான் துவைக்கணுமாம்."

"அவன் வரலையா?" என்றாள் அம்மா.

"தான் வர்றதுக்கு ரோஷம். துணிய மட்டும் அனுப்பியிருக்கான்."

பெரியவள் பையைத் தூக்கப் போனாள். அம்மா முந்திக்கொண்டாள். "நான் போடுறேன்." இன்று ரெஸ்ட் எடுங்க என்று யாரும் சொல்லவில்லை.

பின்கட்டில் பையை அவிழ்த்தாள். கால்சட்டைகள், பனியன்கள், ஒரு போர்வை. மரத்தூள் உதிர்ந்தது. வெள்ளையைத் தனியாக, நிறத்தைத் தனியாகப் பிரித்துக்கொண்டே வந்தவள் கையில் ஒரு கட்டம்போட்ட சட்டை வந்தது. காலரில் அழுக்கு கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. அக்குளில் உப்பு வெளுத்திருந்தது. தேய்ப்பதற்குக் காலரை விரித்தவள், விரித்தபடியே நின்றாள். பிறகு மெதுவாக முகத்துக்குக் கொண்டுபோனாள்.

மெஷின் சத்தம் வரவில்லையே என்று பெரியவள் வந்து எட்டிப் பார்த்தாள். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டை மடியில்.

"குடு, நான் போட்டுடறேன்."

"இது மட்டும் இருக்கட்டும்."

"நாறுதும்மா அது."

"ஆமா," என்றாள் அம்மா. "அவன் வாசனை."

பெரியவள் நிலைப்படியில் சாய்ந்தாள். அம்மா சட்டையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"போகும்போது அவனோட பள்ளிக்கூடச் சட்டை ஒண்ண எடுத்துட்டுப் போனேன். துவைக்காத சட்டை. பாக்கெட்ல மை கொட்டியிருக்கும். கழுத்துல எண்ணெய்ப் பிசுக்கு. பிளாஸ்டிக் கவர்ல கட்டித் தலையணைக்கு அடியில வெச்சிருந்தேன். ராத்திரி கொஞ்சமாத் திறந்து பாத்துட்டு உடனே மூடிடுவேன், வாசனை தீர்ந்துடுமோன்னு. ஒருநாள் மேடம் என் ரூமுக்குப் படுக்கைவிரிப்பு மாத்த வந்திருக்காங்க. பாவம், எனக்கு உடம்பு சரியில்லன்னு அவங்களே வந்தாங்க. அழுக்குத் துணி மறந்துபோச்சுன்னு நினைச்சு, சாஃப்ட்னர் எல்லாம் ஊத்தித் துவைச்சு, இஸ்திரி போட்டு, கட்டில் மேல வெச்சிருந்தாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தேங்க்ஸ் மேடம்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? நல்ல மனசோட செஞ்சது. திட்டக்கூட வழியில்ல." அம்மா சட்டையின் பட்டனை நெருடினாள். "அதுலேர்ந்து அந்த வாசனை வந்தாலே, யாரோ என் பிள்ளைய என்கிட்டேருந்து துடைச்சு எடுத்தமாதிரி இருக்கும். நான்தான் தினமும் அதை அளந்து ஊத்தணும்."

பெரியவள் தரையில் உதிர்ந்திருந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கினாள். அப்புறம், கேட்கலாமா வேண்டாமா என்பது போல, "என்னோடது எதுவும் எடுத்துட்டுப் போகலையா?" என்றாள்.

"எடுத்தேன். உன்னோட பாவாடை ஒண்ண முதல்ல எடுத்து வெச்சேன். நீ பெட்டியைத் திறந்து அதை வெளிய எடுத்துட்டே."

"நானா?"

"'என் துணியும் உன்கிட்ட இருந்தா நீ எதுக்குத் திரும்பி வருவே?'ன்னு கேட்டே. பாவாடை இங்கயே இருந்தாத்தான் அதுக்காகவாவது நான் வருவேனாம். அழுதுக்கிட்டே மறுபடி கொடியில போட்டுட்டே."

பெரியவளுக்கு அது ஞாபகத்தில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. அவள் வந்து அம்மாவின் பக்கத்தில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். தோள் தோளில் பட்டது. இரண்டு பேரும் நகரவில்லை.

அப்பா எப்போது வந்து நிலைப்படியில் நின்றார் என்று தெரியவில்லை.

"பெரியவளுக்கும் இதுல ஒரு கதை இருக்கு," என்றார், யாரும் கேட்காமலே. "பார்சல் கவுனைத் துவைக்க விட மாட்டா. அழுக்கேறிப்போய்க் கிடக்கும். ஒருநாள் நான் துவைச்சுட்டேன். வாசனை போச்சு. அன்னிக்கு அழ ஆரம்பிச்சவ, காய்ச்சல்லதான் போய் நின்னா. அடுத்த பார்சல் வந்ததும் அதுலேர்ந்து ஒரு கவுனை மடிச்சுச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுக் கடை கடையா ஏறினேன். பாட்டில் பாட்டிலாத் திறந்து மோந்து பாத்தேன். ஒரு கடைக்காரன், 'என்ன சார், துணிக்கா, குடிக்கவா?'ன்னு கேட்டான். கடைசியில கிடைச்சுது."

"அப்போ நீதான் வாங்கிட்டு வருவேன்னு தெரியும்," என்றாள் பெரியவள். "மோந்து பாத்து வாங்கினது தெரியாதுப்பா."

அம்மா கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"போன்ல வாசனைய எப்படிச் சொல்றது?"

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு போய், தேவையில்லாமல் ஒரு ஜன்னலைச் சாத்தினார்.

"நான் வேற கேன் வாங்குவேன்," என்றாள் பெரியவள். "துண்டுக்கு ஊத்த மாட்டேன். என் துணிக்கு ஊத்துவேன்."

"ஊத்திக்கோ. அரை மூடி போதும், மூடி நிறைய வேணாம்." அம்மா எழுந்து மற்றத் துணிகளை மெஷினில் போட்டு ஓடவிட்டாள். கட்டம்போட்ட சட்டை மட்டும் அவள் தோளிலேயே கிடந்தது.

பெரியவளின் போன் அடித்தது. சின்னவன்.

"அக்கா, அப்பா பைய குடுத்தாரா? அதுல கட்டம்போட்ட சட்டை ஒண்ணு இருக்கும். நாளைக்கு அப்பா பஸ்லயே குடுத்தனுப்பு. வேணும்."

"அது துவைக்கலடா."

"ஏன்?"

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு போனை அவள் காதில் வைத்தாள்.

அம்மா ஒரு கையால் போனையும் இன்னொரு கையால் தோளிலிருந்த சட்டையையும் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் மரம் அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா பேசறேன்பா."

மெஷினில் இன்னொரு பலகை ஏறும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு வேணுமா இது?"

"ம். துவைக்கலைன்னாலும் பரவால்ல. அப்படியே குடுத்தனுப்பினாப் போதும்."

இத்தனை வருஷம் அவள் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. சரி மேடம், இதோ மேடம், ஆகட்டும்.

"குடுத்தனுப்ப மாட்டேன்," என்றாள் அம்மா. "நீயே வந்து வாங்கிக்கோ."

அறுக்கிற சத்தம் நின்றது. யாரோ தூரத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் அவர்களுக்கும் பதில் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.